குலுக்கல் போட்டா என் குழந்தைக்கு வைத்தியம்?

கேள்வி: எங்கள் பெண் குழந்தை 28 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். பிறந்தபோது எடை 1,050 கிராம். இன்று 23-ஆவது நாள். இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறாள், குழாய் வழியாகத் தாய்ப்பால் போகிறது. ரத்தம் குறைவாக இருப்பதால் இந்த வாரம் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஓர் ஆராய்ச்சியில் குழந்தையைச் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டார். ரத்தம் ஏற்றும் நேரத்தில் பாலைச் சில மணி நேரம் நிறுத்துவது நல்லதா, நிறுத்தாமல் கொடுப்பது நல்லதா என்று பார்க்கிறார்களாம். எந்தக் குழந்தைக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுச் சொல்லுமாம். "எது நல்லதென்று உங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியாது" என்றார். என் அம்மா, "நம்ம பிள்ளை என்ன சோதனை எலியா? கையெழுத்துப் போடாதே" என்கிறார். நண்பன், "குழந்தை அவர் கையில் இருக்கும்போது முடியாது என்று சொல்லாதே" என்கிறான். படிவம் பையில் கிடக்கிறது. நாளை மறுநாள் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் நண்பருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். நீங்கள் முடியாது என்று சொன்னால் குழந்தைக்குக் கிடைக்கும் கவனிப்பில் ஒரு துளியும் குறையக் கூடாது. எந்த ஒழுங்கான ஆராய்ச்சிக்கும் இது அடிப்படை நிபந்தனை. படிவத்திலேயே எழுதியிருக்கும், தேடிப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், காரணம் எதுவும் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். "சேராவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிற தொனியில் யாராவது பேசினால், மேற்கொண்டு படிக்க வேண்டாம். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டாக்டர் மேல் உள்ள பயத்திலோ நன்றியிலோ போடும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரில்லை.

அம்மாவுக்குப் பதில் சொல்லத்தான் கொஞ்சம் நேரமாகும்.

ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே 100 மில்லிக்குள்தான். புது ரத்தம் ஊறும் வேகமும் குறைமாதத்தில் போதாது. போதாக்குறைக்குப் பரிசோதனைக்காக டாக்டர்கள் நாங்கள் வேறு எடுத்துக்கொண்டே இருக்கிறோம். அதனால் இவ்வளவு சின்னக் குழந்தைகளில் பலருக்கு ஒரு முறையாவது ரத்தம் ஏற்ற வேண்டிவரும். இந்தக் குழந்தைகளிடம் எங்களுக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு: குடலின் ஒரு பகுதி வீங்கி அழுகிப்போகும் நோய். வந்தால் உயிருக்கே ஆபத்து. சில குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்றிய ஓரிரு நாளில் அந்த நோய் வந்ததைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஏற்றிய ரத்தம் காரணமா, ரத்தம் ஏற்றும் அளவுக்கு நலிந்திருந்ததுதான் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் குடலுக்கு வேலை கொடுக்க வேண்டாமே என்று சில மருத்துவர்கள் பாலை நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் ஊசி வழியே திரவம் ஏற்ற வேண்டும், ஊசி இருந்தால் கிருமி வரலாம், குடலைக் காப்பதே தாய்ப்பால்தான், அதை ஏன் நிறுத்த வேண்டும் என்று மற்றவர்கள் தொடர்ந்து கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆகவே உங்கள் மகள் ஆராய்ச்சியில் சேராவிட்டாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் அவளுக்கு நடக்கும். எது என்பதை அந்த மருத்துவமனையின் பழக்கம் முடிவு செய்யும். சில இடங்களில் அன்று டியூட்டியில் இருக்கும் டாக்டரின் பழக்கமே முடிவு செய்யும். குலுக்கல் அந்த வார்டில் எப்போதோ தொடங்கிவிட்டது. விளைவை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

"தெரியாது" என்று அவர் சொன்னது உங்களை உலுக்கியிருக்கிறது. எனக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவர் மேல் மரியாதை வந்தது. எங்கள் துறையில் குழந்தைகளுக்கு நேர்ந்த பெரிய தீங்குகளில் பல, நிச்சயமாகத் தெரியும் என்று நம்பியவர்களால் வந்தவை. அதுவும் நல்லவர்களால்.

வில்லியம் சில்வர்மேன் என்று நியூயார்க்கில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1940-களில் குறைமாதக் குழந்தைகள் நிறையப் பேர் பிழைக்கத் தொடங்கினார்கள். கூடவே கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் ஒரு புது நோயும் வந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. சில்வர்மேன் ஒரு குழந்தைக்கு ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார். அந்தக் குழந்தையின் பார்வை போகாமல் பிழைத்தது. அடுத்தடுத்து 31 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 25 பேருக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. இந்த மருந்தைத் தராத இன்னொரு மருத்துவமனையில், இதே நோய் கண்ட 7 பேரில் 6 பேருக்குக் கண் போயிருந்தது. இதைப் பார்க்கும் எவரும் என்ன நினைப்பார்கள்? மருந்து கிடைத்துவிட்டது, உலகத்துக்குச் சொல்ல வேண்டியதுதான் என்றுதான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அவரும் அவருடைய சகாக்களும் கொஞ்சம் பொறுத்தார்கள். ஒரு பெட்டியில் இரண்டு நிறக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தார்கள். குழந்தைக்குக் கண்ணில் மாற்றம் தெரிந்தால், பார்க்காமல் ஒரு குண்டை எடுக்க வேண்டும். ஒரு நிறம் வந்தால் மருந்து, மறு நிறம் வந்தால் மருந்தில்லை. கடைசியில் கணக்குப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பார்வை போயிருந்தது. பெறாதவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான். மருந்து பெற்றவர்களில் இறந்தவர்களும் அதிகம். அந்த நோயின் ஆரம்ப மாற்றங்கள் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்பது பிறகுதான் புரிந்தது. 25 குழந்தைகளின் கண்ணைக் காப்பாற்றியது மருந்தில்லை. காப்பாற்றியதாக நம்பியது ஒரு திறமையான, நேர்மையான மருத்துவரின் கண். அந்தக் கோலிக்குண்டுகள் இல்லாவிட்டால் எத்தனை நாடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அந்த ஊசி போயிருக்குமோ.

சரி, அப்படியானால் பார்வை எதனால் போனது? ஆக்சிஜனால். மெல்போர்ன் குழந்தை மருத்துவர் கேட் கேம்பெல் 1951-இல் அதைச் சந்தேகித்து எழுதினார். ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த இடத்தில்தான் நோய் அதிகம் என்பது அவர் கண்டது. வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் என்ற கண் மருத்துவர், ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு அதிக ஆக்சிஜனும் மறு பிரிவுக்குக் குறைவாகவும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். குறைவாகப் பெறும் குழந்தைகளைப் பார்த்து மனம் பொறுக்காமல், நர்ஸுகள் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் ஆக்சிஜனைத் திருகி விட்டார்களாம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பாசத்தில் செய்தார்கள். பிள்ளைகளின் கண்ணைக் கெடுப்பது எதுவோ அதைத்தான் அள்ளிக் கொடுத்தார்கள். உங்கள் அம்மாவிடமும் இருப்பது அதே பாசம்தான், குறை சொல்லவில்லை. 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1954-இல் சந்தேகத்தைத் தீர்த்தது. அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள்.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் ஆராய்ச்சிக்கு ஆள் பிடிப்பவன் ஆகிவிடுவேன். மீதியையும் கேளுங்கள். ஆக்சிஜன் கெடுதல் என்றதும் எல்லோரும் கையை இறுக்கினார்கள். பார்வை பிழைத்தது, ஆனால் மூச்சுக்குத் திணறிய குழந்தைகள் இறந்தார்கள். காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் 16 உயிர் போயிருக்கலாம் என்று 1973-இல் ஒருவர் கணக்குப் போட்டு எழுதினார். அப்படியானால் எவ்வளவு ஆக்சிஜன்தான் சரி? அதற்கு ஒழுங்கான விடை தேடிய ஆய்வுகளில் ஒன்று 2010-இல்தான் வந்தது. அமெரிக்காவில், 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,316 குழந்தைகள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை ஒரு பாதிப் பேருக்கு 85 முதல் 89 சதவீதத்துக்குள்ளும், மறு பாதிக்கு 91 முதல் 95-க்குள்ளும் வைக்க முயன்றார்கள். இரண்டுமே அப்போது மருத்துவமனைகளில் வழக்கத்தில் இருந்தவை. முடிவில், குறைந்த அளவுப் பிரிவில் 19.9 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், அதிக அளவுப் பிரிவில் 16.2. பிழைத்தவர்களில் கடுமையான கண் பாதிப்பு, குறைந்த அளவில் 8.6 சதவீதம், அதிக அளவில் 17.9.

"இரண்டுமே வழக்கத்தில் உள்ளதுதான், ஆபத்தொன்றும் இல்லை" என்று உங்களிடம் யாராவது சொன்னால், அது முழு உண்மை இல்லை என்பதற்காகத்தான் இந்த எண்களைச் சொல்கிறேன். வழக்கத்தில் உள்ள இரண்டில் ஒன்று மற்றதைவிட மோசமாக இருக்கலாம். எது என்பது முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் ஆய்வே. அந்த அமெரிக்க ஆய்வில் பெற்றோருக்குக் கொடுத்த படிவங்கள் இந்த ஆபத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2013-இல் அந்நாட்டு அரசு அமைப்பு ஒன்று கண்டித்தது. பெரிய மருத்துவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், ஆய்வு தேவையானது, படிவம் மோசமானது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

உங்கள் மனதில் இப்போது ஒரு கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் குலுக்கல் தேவையா? தேவையில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள், மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று தண்ணீரில் கலந்து வாய்வழியே கொடுக்க வைத்தார். உறவினர்களே கரைத்துக் கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை இருந்த சாவு, அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது. இன்று எல்லோரும் ஓ.ஆர்.எஸ். என்று சொல்லும் அதுதான். அங்கே போய்க் கோலிக்குண்டைத் தேடினால் பாவம். மாற்றம் அவ்வளவு பெரிதாக இருந்தால் கண்ணே போதும்.

ஆனால் குறைமாதக் குழந்தைகளின் சிகிச்சையில் இன்று நாங்கள் தேடும் வித்தியாசங்கள் அப்படிப்பட்டவை இல்லை. கங்காரு பராமரிப்பையே பாருங்கள். குழந்தையைத் தாயின் மார்போடு வெறும் தோல் படக் கட்டி வைப்பது. கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற குழந்தை மருத்துவர், இன்குபேட்டர் போதாமல் 1978-இல் தொடங்கி வைத்தது. குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் தாயிடம் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தோம். பிறந்த உடனேயே கொடுத்தால் என்ன என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் பார்த்தது. எல்லோரும் ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள், உடனே கொடுத்த பிரிவில் 12 சதவீதம், காத்திருந்து கொடுத்த பிரிவில் 15.7 சதவீதம். 2021-இல் முடிவு வந்தது. 100 குழந்தைக்கு ஏறக்குறைய 4 உயிர்! ஆனால் ஒரு வார்டில் நிற்கும் ஒரு டாக்டருக்கு இந்த 4 பேர் கண்ணில் பட மாட்டார்கள். இந்த மாதம் இரண்டு சாவு, போன மாதம் மூன்று, அதற்கு முந்தைய மாதம் ஒன்று. அதில் என்ன தெரியும்? ஆயிரக்கணக்கான பெற்றோர் சம்மதித்ததால்தான் அந்த வித்தியாசம் வெளியே வந்தது.

எனக்கு இதில் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. நான் பயிற்சியில் இருந்த மருத்துவமனையில் தாய்மாரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைப்போம். கிருமி வந்துவிடுமாம். நாளுக்கு இரண்டு முறை எட்டிப் பார்க்கலாம், தொடக் கூடாது. அழுத தாய்மாரிடம், "உங்கள் குழந்தையின் நன்மைக்குத்தான் சொல்கிறோம்" என்று நானே சொல்லியிருக்கிறேன். அதற்கு ஆதாரம் என்ன என்று அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அது சோதனை இல்லையா? கையெழுத்து வாங்காமல், கணக்கு வைக்காமல் நடத்திய சோதனை.

இனி உங்கள் படிவத்துக்கு வருவோம். டாக்டரிடம் போய், "சேராவிட்டால் என் மகளுக்குப் பாலை நிறுத்துவீர்களா, தொடர்வீர்களா?" என்று முதலில் கேளுங்கள். "அன்றைக்கு யார் இருக்கிறாரோ அவர் பார்த்து முடிவு செய்வார்" என்று பதில் வந்தால், மேலே நான் சொன்ன குலுக்கல் உண்மை என்று தெரிந்துகொள்ளுங்கள். "நாங்கள் எப்போதும் நிறுத்துவோம்" என்றால், ஏன் அதை மாற்ற முன்வருகிறீர்கள் என்று விளக்கம் கேளுங்கள். ஆராய்ச்சிக்காக மட்டும் கூடுதலாக ரத்தம் எடுப்பார்களா என்பது அடுத்தது. 100 மில்லிகூட இல்லாத உடம்பு, ஒவ்வொரு மில்லியும் கணக்கு. எடுப்பார்கள் என்றால் எவ்வளவு, எதற்கு என்று கேளுங்கள். குழந்தைக்கு வயிறு வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ குலுக்கலில் வந்ததை மீறி டாக்டர் தன் முடிவை எடுக்கலாமா? எடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மழுப்பினால் சேர்க்காதீர்கள்.

அப்புறம், இடையில் கணக்கைப் பார்ப்பது யார்? ஆய்வை நடத்துபவர்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். கங்காரு ஆய்வை அப்படிப்பட்ட குழுதான், பலன் தெளிவாகத் தெரிகிறது என்று சொல்லி, திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தச் சொன்னது. நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஆய்வின் பதிவு எண், தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு, ராத்திரியில் சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டிய எண் எல்லாம் படிவத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆய்வில் சேர்ந்தால் தனிக் கவனிப்பு கிடைக்கும் என்று நினைத்தும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் மகளுக்கு இதனால் நேரடியான லாபம் இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பிறகு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்பது நிஜம். ஆனால் அந்தப் பாரத்தை 23 நாள் குழந்தையின் தகப்பன் தலையில் வைக்க எனக்கு மனமில்லை. அது ஒரு நன்கொடை. முடிந்தவர்கள் கொடுக்கலாம், முடியாதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

நானாக இருந்தால்? மேலே சொன்ன கேள்விகளுக்கு நேரான பதில் வந்தால் போடுவேன். பாலை நிறுத்தினால் நல்லதா கெட்டதா என்று எனக்கும் தெரியாது. வருஷக்கணக்காக ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அம்மா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், நண்பன் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி என்ன சொல்கிறார்? நிறுத்துவதா தொடர்வதா என்று பேசுவதே அவர் பிழிந்து கொடுக்கும் பாலைப் பற்றித்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து உட்கார்ந்து எடுக்கிறார். டாக்டர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. இருவரையும் உட்கார வைத்து மறுபடி ஒரு முறை விளக்கச் சொல்லுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் மனைவிக்கு வேண்டாம் என்று தோன்றினால், அந்தப் படிவத்தை அத்துடன் விட்டுவிடுங்கள்.

நாளை மறுநாள் போகும்போது நர்ஸிடம் இன்னொன்றும் கேளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குழந்தையை மார்போடு வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று. மூச்சுக் கருவி இருந்தாலும் பல இடங்களில் இப்போது விடுகிறார்கள். உங்கள் மனைவி தூங்கும் நேரத்தில் நீங்களும் வைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் திறக்கிற சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள்.